ஈரப்பதம் பார்த்துக்கொண்ட விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கு நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் சௌக்கியமாக இல்லாத ஒரே ஜீவன் கூடத்து ஜன்னலில் ஒரு தொட்டிக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அலுவலக முகவரிக்கு எழுதியதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆளுக்கொரு அறையில் நடமாடிக்கொண்டே பேசுகிறீர்கள். ரகசியம் என்று ஆரம்பித்தால் பேத்தி முதற்கொண்டு கேட்பாள். மகள் காதுக்கு இது போகவே கூடாது.

சென்ற மாதம் மகள் குழந்தையோடு வந்து பத்து நாள் தங்கினாளே, அப்போது கொண்டுவந்த செடி அது. சதைப்பற்றுச் செடியாம். இலையெல்லாம் கொழுகொழுவென்று பேத்தியின் கன்னம் மாதிரி இருந்தது. கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் பையும் ஒரு கையில் குழந்தையுமாக வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, ஈரப்பதம் மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க, மத்தபடி அது பாட்டுக்கு இருக்கும்" என்றாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதைப் பத்திரமா பாத்துக்கிட்டீங்கன்னா நான் வேலைக்குப் போறப்ப பாப்பாவையும் உங்ககிட்டயே விட்டுடறேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. எனக்கு அது பரீட்சைக்குத் தேதி குறித்தது போல இருந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் அத்தை இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு நாள் பள்ளியிலிருந்து அழைத்து வருகிற வழியில், நான் வேலை பார்த்த மில்லில் காற்றின் ஈரம் இறங்கிவிட்டது என்று எதிரில் வந்தவர் சொன்னார். குழந்தையை மில் வாசலில் வாட்ச்மேன் அறையில் உட்காரவைத்து, ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று உள்ளே ஓடியவன், மூன்று மணி நேரம் கழித்துத்தான் எனக்கு ஒரு குழந்தை இருப்பதை நினைத்தேன். அவள் அழக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவனிடம் யாராவது கைக்குழந்தையை நம்பி விடுவார்களா? அதனால்தான் இந்தச் செடியை எப்பாடு பட்டாவது காப்பாற்றிக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அந்த "பாத்துக்குங்க"வில் நடந்தது. நூற்பாலையில் முப்பத்திரண்டு வருடம் எனக்கு ஒரே வேலை, காற்றில் ஈரம் ஏற்றுவது. காற்று காய்ந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூரை அதிரக் கத்துவார். "ஈரப்பதம் பாத்துக்கோ" என்று மில்லில் யார் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், இறங்க விடாதே. அன்று மாலையே சாக்குகளை நனைத்து ஜன்னலைச் சுற்றித் தொங்கவிட்டேன். அகலமான பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி மேஜை, ஸ்டூல், டிவியின் பக்கத்தில் என்று வைத்தேன். ஓய்வு பெற்ற அன்று என்னோடு வேலை பார்த்தவர்கள் பரிசாகக் கொடுத்த, காற்றின் ஈரத்தை அளக்கிற ஈரமானியைத் தொட்டிக்கு நேர் மேலே மாட்டினேன். அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முள் ஏற ஏற, எனக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. தீப்பெட்டி பற்றவில்லை, பிஸ்கட் நமுத்தது, அலமாரிக் கதவு உப்பிப்போய் என் சட்டைகளோடு உள்ளேயே அடைத்துக்கொண்டது. "என்னங்க, நடந்தா காலெல்லாம் பிசுபிசுங்குது. நீங்க வளக்கறது செடியா, மீனா?" என்றாள் உங்கள் அத்தை. நான் காதில் வாங்கவில்லை.

பதினைந்தாம் நாள் அடி இலை ஒன்று கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் வழுக்கிக் கையோடு வந்துவிட்டது. அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினேன். அங்கே செடி விற்கிற அம்மாள் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மில் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். "ஐயா, இது வறண்ட ஊர்ச் செடி. வேணுங்கற தண்ணிய எலையிலயே சேத்து வெச்சிருக்கு. இதுக்கு ஈரப்பதம் பாத்துக்கன்னா ஏற விடாதேன்னு அர்த்தம். நாப்பது, அம்பதுக்குள்ள நிறுத்துங்க. நல்லா காத்தாடட்டும்" என்றார். நான் அங்கே கிடந்த கவிழ்த்த தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருட அனுபவமும் சேர்ந்து அல்லவா அந்தச் செடியைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது!

அன்றிலிருந்து வீட்டைக் காயவைக்க ஆரம்பித்தேன். சாக்குகள் போயின. கிண்ணம் கிண்ணமாகக் கல் உப்பு வைத்தேன், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். காலையில் சமையலறைக்குப் போய் உப்பில்லாமல் திண்டாடிய உங்கள் அத்தை அதிலிருந்தே அள்ளிப் போட்டுச் சமைத்தாள், அது வேறு கதை. துவைத்த துணியை உள்ளே காயப்போடக் கூடாது, குளித்ததும் குளியலறைக் கதவைச் சாத்த வேண்டும், குக்கர் விசில் வருவதற்கு முன்பே ஜன்னலைத் திறக்க வேண்டும், தலை துவட்டாமல் யாரும் கூடத்துக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டேன். டிவி தொடர் பார்த்து அவள் கண்ணீர் விட்டபோது, "அழறதா இருந்தா வெளிய போய் அழுதுட்டு வா" என்று சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால் மூச்சு ஈரமும் குறையுமே என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல. மின்விசிறி நிற்காமல் ஓடியது. முள் முப்பத்தொன்றுக்கு வந்தது. எங்கள் இருவர் உதடுகளும் வெடித்தன, செடிக்கு இலை சுருங்கியது. அதிகமானால் அழுகுகிறது, குறைந்தால் சுருங்குகிறது. கடைசியில் தண்ணீரே இல்லாமல் எனக்குத் தண்ணி காட்டிவிட்டது அந்தச் செடி. இன்றைய நிலவரப்படி பதினொரு இலை போயிற்று, ஆறு இலை இருக்கிறது.

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது. நேற்று மறுபடியும் நர்சரிக்குப் போனேன். அச்சு அசல் அதே செடி, அதே உயரம், அதே நிறத் தொட்டியில் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்துவிட்டால் மகளுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன் பொய்யில் ஆரம்பிக்கக் கூடாது என்று தோன்றி, கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வரும்போது வழியெல்லாம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்களை அழைத்துப் போக வருகிறீர்கள். செடியைப் பற்றி மகள் கேட்டால், அவள் கோபப்படாத நேரமாகப் பார்த்து நீங்களே பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவள் குழந்தையை என்னிடம் விட முடியாது என்று சொன்னால், சரி, காப்பகத்திலேயே விடட்டும். ஆனால் தினம் சாயங்காலம் போய்க் கூட்டிக்கொண்டு வருகிற வேலையையாவது எனக்கு வாங்கிக் கொடுங்கள். ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் வாசலில் நிற்பேன், இது சத்தியம்.

உங்கள் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். குழந்தைக்கு எங்கள் இருவரின் முத்தங்கள். மகளுக்கு ஆசிகள், இந்த விஷயம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கவலையுடன்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகளே போன் செய்துவிட்டாள். அவள் குரலைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தச் செடிப்பா?" என்றாள். யாரோ ஆபீஸில் கொடுத்ததாம், தூக்கிப் போட மனசு வராமல் இங்கே கொண்டுவந்து வைத்தாளாம், வாசலில் நின்று என்ன சொன்னாள் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லையாம். "காப்பகமா? அதை யார் சொன்னா? உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் விடறதா இல்ல. அதை விடுங்கப்பா, பாப்பா இன்னிக்குக் குப்புற விழுந்துட்டா. விழுந்துட்டுத் தலையைத் தூக்கி வாசப்பக்கமே பாக்கறா. நீங்க இல்லையேன்னு இருந்துச்சு" என்றாள். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுக்கப் போனேன், மீதியை அவள்தான் பேசினாள். ஞாயிறு வரை எங்களால் காத்திருக்க முடியாது, நாளைக் காலை முதல் வண்டிக்கே கிளம்புகிறோம். நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும். வந்தால் தயவுசெய்து பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடவும்.