நாளை பத்து மணிக்கு மின்தடை

“டீச்சர், கரண்ட்டு எப்பப் போகும்னு போட்டீக, எப்பத் திரும்ப வரும்னு போடலையே?” என்று வாசலில் நின்று கேட்டாள் நஸீரா. அவள் பிள்ளையும் சுகன்யாவிடம்தான் டியூஷன் படித்தது.

சுகன்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்தக் கரண்ட்டு அக்கா?”

நஸீரா போனை நீட்டினாள். டியூஷன் குரூப்பில் அன்று காலை சுகன்யாவே போட்ட செய்திதான். ‘நாளை ஞாயிறு காலை 10 மணிக்கு மின்தடை. அனைவரும் தயாராக இருக்கவும்.’

பாடப்புத்தகத்தில் மின்தடை என்றால், கம்பியில் ஓடும் கரண்ட்டை அந்தக் கம்பியே மறிப்பது. நாகல் நகரில் மின்தடை என்றால் கரண்ட் கட். எம்.எஸ்சி. இயற்பியல் படித்த சுகன்யாவுக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதிகம் படித்தவர்களுக்கு வருகிற வியாதி அது.

“ஐயோ, அது பாடத்தோட பேரு அக்கா! அயர்ன் பாக்ஸை மாட்டி, எம்புட்டு கரண்ட் ஓடுதுன்னு அளந்து, பிள்ளைகளையே கணக்குப் போட வைக்கப் போறேன்.”

“அதுக்குக் கரண்ட்டு வேணுமே டீச்சர்? நாளைக்குத்தான் இல்லையே!”

இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத்தான் சுகன்யா மலைபோல் நம்பியிருந்தாள். பதினோரு பிள்ளைகளோடு ஆரம்பித்த பத்தாம் வகுப்பு டியூஷன். ஐந்து பேர் ஏசி போட்ட பெரிய டியூஷனுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கும் ஆறு பேரும் போய்விட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். அதனால் பெற்றோர்களையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள்.

உடனே குரூப்பில் விளக்கம் போட்டாள். ‘மின்தடை என்பது கரண்ட் நிற்பது அல்ல. ஓடும் கரண்ட்டுக்கு உண்டாகும் எதிர்ப்பு.’

கால் மணி நேரத்தில் கீழ்வீட்டு அய்யம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள், மகனையும் இங்கேதான் படிக்க விட்டிருந்தாள்.

“யாரு டீச்சர் எதிர்ப்புத் தெரிவிக்கிறாக? மறியலா? கடையை அடைக்கச் சொல்லுவாகளா?”

“மறியலும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா! சாதாரண வகுத்தல் கணக்கு.”

உதாரணம் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தாள். அங்கேதான் மோசம் போனாள். ‘அயர்ன் பாக்ஸ்: 230 வோல்ட், 5 ஆம்பியர். 230-ஐ 5-ஆல் வகுத்தால் மின்தடை 46. இரண்டையும் பெருக்கினால் மின்திறன் 1150’ என்று போட்டாள்.

“நாப்பத்தாறு மணி நேரமா!” என்று நெஞ்சில் கை வைத்தாள் அய்யம்மாள். “ரெண்டு நாளாச்சே!”

“ஆயிரத்து நூத்தம்பது வீட்டுக்காம்” என்றாள் நஸீரா.

“மணி நேரம் இல்லக்கா, ஓம்! நாப்பத்தாறு ஓம்!”

அய்யம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். “ஓம் முருகா, பழனியாண்டவா, நீதான்யா காப்பாத்தணும்.”

கடைசி முயற்சியாக சுகன்யா குரலிலேயே பேசி அனுப்பினாள். “நாளைக்குக் கரண்ட் போகாது. மின்தடை மட்டும்தான்.” தெரு பயந்துவிடக் கூடாதென்று டீச்சர் ஆறுதல் சொல்வதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் ஓடியது, டேங்குகள் வழிந்தன. செம்பட்டியில் இருக்கும் சித்தி மகள் போன் செய்தாள். “அக்கா, உங்க ஏரியால ரெண்டு நாளைக்குக் கரண்ட்டே இல்லையாமே? பேசாம இங்க வந்துரு.”

ஞாயிற்றுக்கிழமை சுகன்யாவின் மாடியில் நிற்க இடமில்லை. பெற்றோர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், யாருக்கும் தெரியாதவர்கள் என்று ஒரே கூட்டம். ஆறு அண்டா மாவரைத்து வைத்திருந்த அய்யம்மாள் சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றியது. கரண்ட் போகாவிட்டால் இத்தனை பேர் கண்ணுக்கும் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள், போய்விட்டால் பாடம் நடத்த முடியாது.

“இப்ப பாருங்க” என்று அயர்ன் பாக்ஸ் சுவிட்சைப் போட்டாள். மீட்டரில் ஐந்து ஆம்பியர் காட்டியது. எழுதிக்கொள்ள ஆறு பேனாக்களும் குனிந்தன.

மணி பத்து. ஃபேன் நின்றது. மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

கைதட்டல் மாடியை அதிரவைத்தது.

“சொன்னா சொன்ன நேரத்துக்கு! என் தங்கச்சி மகளையும் சேத்துக்கங்க டீச்சர்” என்றாள் நஸீரா. அவளைத் தொடர்ந்து இன்னும் எட்டு பேர் பெயர் கொடுத்தார்கள். டியூஷன் பிழைத்துவிட்டது. ஆனாலும் சுகன்யாவுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை பேரில் ஒருவருக்காவது தான் எழுதியது புரியவில்லையே என்று மனசு ஆறவில்லை.

அப்போது மாணவி தீபாவின் அப்பா முத்துச்சாமி வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார். அந்தத் தெருவுக்கு அவர்தான் லைன்மேன்.

“கவலைப்படாதீங்க டீச்சர், நீங்க போட்ட அம்புட்டையும் ஒரு எழுத்து விடாமப் படிச்சேன், இது பாடம்னு எனக்கு நல்லாவே தெரியும்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “மின்தடை நடத்துறப்போ மின்தடை இல்லாட்டி நல்லா இருக்குமா, அதான் டாண்ணு பத்து மணிக்கு நானே பியூஸைப் புடுங்கிவிட்டுட்டு வாரேன்!”