இரண்டு மீட்டர் வயர்

"அண்ணே, வயரை இழுக்காதீங்க. படம் ஆடுது" என்றாள் அற்புதமேரி.

கிருபாகரன் ஓரடி முன்னால் நகர்ந்தார். அவர் தோளில் ஒன்பது கிலோப் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கேசட் ஓடுவது அந்தப் பெட்டிக்குள்தான். பெட்டியிலிருந்து புறப்பட்ட இரண்டு மீட்டர் வயரின் மறுமுனையில் கேமரா இருந்தது. கேமராவுக்குப் பின்னால் அற்புதமேரி இருந்தாள். அவள் வரப்பில் ஏறினால் இவரும் ஏற வேண்டும்; அவள் குனிந்தால் இவரும் குனிய வேண்டும்.

அது 1986. மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் தன் இளைஞர் பணியாளர்களுக்கு வீடியோப் பயிற்சி நடத்தியது. ஊர்ப் பிரச்சினையைப் படம் பிடித்து அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கற்றுக்கொடுக்க மெட்ராஸிலிருந்து விஸ்வேஸ்வரன் வந்திருந்தார். முடிவில் ஒருவரை வீடியோப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போடுவார்கள் என்று பேச்சு. எட்டு வருஷமாக ஸ்லைடு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம், எழுமலை என்று பஸ்ஸில் அலைந்த கிருபாகரன், அந்த ஒருவர் தான்தான் என்று முடிவுகட்டி, டவுன்ஹால் ரோட்டில் ஒரு கூலிங் கிளாஸ்கூட வாங்கிவிட்டார்.

விஸ்வேஸ்வரன் கேமராவை அற்புதமேரி கையில் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம் ஆன பெண்.

"கை நடுங்கல பாருங்க" என்றார். பிறகு கிருபாகரனை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு நல்ல தோள் சார்" என்றார்.

அப்போது எரிய ஆரம்பித்த வயிறு பிறகு அணையவேயில்லை.

ஒரே ஒரு விஷயம் கிருபாகரன் கையில் இருந்தது. கேமராவின் பொத்தான் கெட்டுப் போயிருந்ததால், பதிவைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பெட்டியில் இருந்த பொத்தானில்தான். "போடுங்கண்ணே" என்றால் அழுத்த வேண்டும். "போதும்ண்ணே" என்றால் மறுபடி அழுத்த வேண்டும்.

முதல் நாள் அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு சாயப்பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக் கழிவு வாய்க்கால் வழியாக இறங்கி, கீழே இருந்த குடியிருப்பின் கிணற்றைச் சிவப்பாக்கியிருந்தது. பட்டறை மேஸ்திரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமரா முன் நின்றார்.

"ஒரு சொட்டுச் சாயத் தண்ணி வெளிய போகாதுங்க. எல்லாம் தொட்டியிலதான் விடுறோம்."

"போதும்ண்ணே" என்றாள் அற்புதமேரி.

கிருபாகரன் அழுத்தவில்லை. கேசட் ஓடட்டும். சாயங்காலம் டிவியில் போட்டுப் பார்க்கும்போது, இவள் செருப்பும் புழுதியும் ஐந்து நிமிஷம் தெரியட்டும். எல்லோரும் சிரிக்கட்டும்.

சாயங்காலம் போட்டார்கள். "போதும்ண்ணே" என்ற குரல். அவள் கேமராவைத் தொங்கவிட்டுப் பட்டறைச் சுவரோரமாக நடக்க, படம் பக்கவாட்டில் சாய்ந்தது. செருப்பு தெரிந்தது. புழுதி தெரிந்தது. கிருபாகரன் சிரிக்கத் தயாரானார். அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

"போயிட்டாங்கடா. தொறந்து விடு."

சாய்ந்த படத்தின் ஓரத்தில் ஒரு குழாய் வாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

அறையே கை தட்டியது. விஸ்வேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டார். "கேமராவைத் தொங்கப் போட்டுட்டு, ஓட விட்டீங்க பாருங்க! பத்து வருஷம் அனுபவம் உள்ளவனுக்குத் தோணாது."

"நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் அற்புதமேரி, கிருபாகரனைப் பார்த்தபடி.

'இதுல தன்னடக்கம் வேற!' என்று கிருபாகரன் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார் விஸ்வேஸ்வரன். "வெட்டி ஒட்டுற மெஷின் மெட்ராஸ்லதான் இருக்கு. இங்க நீங்க எடுக்குறதுதான் படம். எடுக்குறப்பவே அளவா நிறுத்திடணும்."

கிருபாகரனுக்கு வழி கிடைத்துவிட்டது. ஓடவிட்டால்தானே பேர் வாங்குகிறாள்? நிறுத்திவிட்டால்?

மறுநாள் வாய்க்காலில் ஒரு கொக்கு நின்றது. வெள்ளைக் கொக்கு, வயிறு வரைக்கும் சிவப்பு.

"ஐயோ, எம்புட்டு நல்லா வருது!" என்றாள் அற்புதமேரி. டொக். கிருபாகரன் நிறுத்திவிட்டார். அவள் கொக்கு பறந்து மறையும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓடாத கேசட்டுக்குப் படம் எடுத்தாள். அவருக்கு இரண்டு நாள் கழித்து அன்றுதான் சோறு இறங்கியது.

அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான்.

"மூணு செகண்டு! கொக்கு, சிவப்பு வயிறு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு செகண்டு இருந்தாலும் அழகு பார்க்க ஆரம்பிச்சிருவோம்" என்று விஸ்வேஸ்வரன் உருகினார். "எங்க நிறுத்தணும்னு தெரியுது இந்தப் பொண்ணுக்கு."

மூன்றாம் நாள் கிணற்றடி. சோணையம்மாள் என்ற ஐம்பது வயதுக்காரி பேச வந்தாள். கிருபாகரன் விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தார். சோணையம்மாள் ஒரு வாளித் தண்ணீரை இறைத்துக் கேமரா முன் வைத்தாள். இளநீர் நிறத்தில் இருக்க வேண்டிய தண்ணீர், ரோஸ் மில்க் மாதிரி இருந்தது.

"இதுலதான் என் பேத்தியக் குளிப்பாட்டுறேன். ஒடம்பெல்லாம் புண்ணு. ஆபீசர் ஐயா, ஒங்க வீட்டுப் புள்ளைய இதுல ஒரு நாளு குளிப்பாட்டுவீகளா?"

"அடடா, என்னா மாதிரி வருது!" என்றாள் அற்புதமேரி.

டொக்.

அதற்குப் பிறகு சோணையம்மாள் அரை மணி நேரம் பேசினாள். ரேஷன் கடை, மருமகளின் வாய், காணாமல் போன கோழி. ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. கிருபாகரன் மனசுக்குள் விசிலடித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வந்தார்.

கடைசி நாள் படத்தைப் போட்டார்கள். நகராட்சி இன்ஜினியர் வந்திருந்தார். குடியிருப்பு ஆட்களும் வந்திருந்தார்கள். மொத்தம் பதினொரு நிமிஷம். மேஸ்திரி பொய் சொன்னார், குழாய் திறந்தது, கொக்கு நின்றது. சோணையம்மாள் "குளிப்பாட்டுவீகளா?" என்று கேட்டதோடு திரை கறுத்தது.

இன்ஜினியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் காலையில நானே வாரேன். அந்தக் குழாயை அடைச்சிட்டுத்தான் திரும்புவேன்" என்றார். சொன்னபடி வந்து, தானே கூட நின்று சிமென்ட் பூச வைத்தார்.

வீடியோப் பொறுப்பு அற்புதமேரிக்குப் போனது. உதவிக்கு யார் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் யோசிக்கவேயில்லை.

"கிருபா அண்ணன்தான் வேணும். வேற யாரு வந்தாலும் இந்த மாதிரி வராது."

மூன்று நாள் இவள் படத்தைக் கெடுக்கத்தானே கிருபாகரன் பாடுபட்டார்? அது தெரியாமல் தன்னையே கேட்கிறாளே! ஏழெட்டு வயது சிறியவள் மேல் இம்புட்டு வயிற்றெரிச்சலா என்று வெட்கமாக இருந்தது. வெளியே வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த சோணையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமாவது சொல்லித் தீர வேண்டும் என்பதுபோல் சொல்லிவிட்டார்.

"பாவம்க்கா அந்தப் புள்ள. ஒண்ணும் தெரியாத வெகுளி."

சோணையம்மாளுக்குப் புரையேறியது.

"வெகுளியா? 'அக்கா, "குளிப்பாட்டுவீகளா"ன்னு கேட்டதும் வாய மூடிக்க. "என்னா மாதிரி வருது"ன்னு நான் ஒரு சத்தம் குடுக்குறேன், வயித்தெரிச்சல்ல அண்ணன் டக்குனு நிறுத்திருவாரு'ன்னு கெணத்தடிக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதானப்பா!"