தொட்டி மேல் ஏறியது சிக்னலுக்காக

எங்கள் தேனிப் பக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, என்றைக்காவது தண்ணீர் விடுவது. மற்றொன்று, மனம் வெறுத்துப் போனவர்கள் மேலே ஏறி நின்று குதிக்கப் போவதாக மிரட்டுவதற்கு இடம் கொடுப்பது. பட்டா கிடைக்காதவர், காதலன் கைவிட்ட பெண், குடித்துவிட்டு மனைவியிடம் கோபித்துக்கொண்டவர் என்று பலரும் ஏறுவார்கள். கீழே கூட்டம் கூடும், போலீஸ் வரும், சமாதானம் பேசுவார்கள். கேட்டது கிடைக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்த பிறகு இறங்குவார்கள். எதையுமே கேட்காமல் ஏறி, எல்லாம் கிடைத்து இறங்கிய ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

2009 வாக்கில் தேனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். (வேலை என்றால், யாரோ கிறுக்கிக் கொடுத்ததை நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது.) மலை மலையாகச் சுற்ற வேண்டும், படம் எடுக்க வேண்டும், அதை இணையத்தில் போட்டு அதிலேயே பிழைக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் அப்பாவிடம் சொன்னது என் முதல் முட்டாள்தனம். அப்பா பஜாரில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறார். வேலை என்றால் அவருக்குக் காலையில் ஷட்டரைத் தூக்க வேண்டும், ராத்திரி இறக்க வேண்டும்.

"ஷட்டரு இல்லாத பொழப்பு என்னத்தா பொழப்பு?"

"கேமராவுலயும் ஷட்டர் இருக்குப்பா" என்றேன். அந்த வயதில் என்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக ஒரு வேலை வந்தது. பெங்களூரில் சுற்றுலா இணையதளம் நடத்தும் ஒருவர் வருசநாட்டுப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படங்களும் கட்டுரையும் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால் மாதாமாதம் வேலை தருவதாகவும், இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருப்பதாகவும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வேலை கையில் இருந்தால் போதும், அப்பாவிடம் நிமிர்ந்து பேசலாம் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது வாசலிலேயே சண்டை. கேமரா, லேப்டாப், அதில் செருகும் டேட்டா கார்டு எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

"போ. போறவ அப்டியே போயிரு. திரும்பி வந்து இந்த வாசல்ல நிக்காத" என்றார் அப்பா. நான் பஸ் ஏறினேன். அம்மா கொடுத்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட மனசு வரவில்லை.

கடமலைக்குண்டைத் தாண்டி மலையடியில் ஓர் ஊர். (பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்னை மறக்கவில்லை.) இலவங்காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஆறு, மலை, பஞ்சு என்று மதியம்வரை எடுத்துத் தள்ளினேன். டீக்கடையில் உட்கார்ந்து படங்களைப் பொறுக்கிக் கட்டுரையையும் முடித்துவிட்டேன். மதிய பஸ்ஸில் தேனிக்குத் திரும்பி அனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

"மத்தியான பஸ்ஸா? அத நிறுத்தி ரொம்ப நாளாச்சே. இனி பொழுதடையத்தேன் வண்டி" என்றார் டீக்கடை அக்கா.

டேட்டா கார்டைச் செருகிப் பார்த்தேன். சிக்னல் இல்லை. தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தும் இல்லை.

"இங்கன ஏது டவரு? அந்தா, அந்தத் தொட்டி மேல ஏறுனாத்தேன் கெடைக்கும். இங்குட்டு எளவட்டப் பயலுக எல்லாம் போன் பேச அங்கனதேன் ஏறுவாய்ங்க" என்றார் அக்கா.

ஏறினேன். இரும்பு ஏணி. கீழே பார்க்காமல் ஏறியதால் பயம் தெரியவில்லை. மேலே போனதும் சிக்னல் கிடைத்தது. தொட்டியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இன்னும் நன்றாகக் கிடைத்தது. உட்கார்ந்தேன். படங்கள் போகத் தொடங்கின. திரையில் நீலக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. உலகத்திலேயே சுதந்திரமான பெண் நான்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஒரு விஷயம் எனக்கு உறைக்கவில்லை. பையன்கள் தினமும் ஏறும் தொட்டிதான். ஆனால் ஒரு பொம்பளைப் பிள்ளை ஏறினால் அந்த ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

முதலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு நாலைந்து பேர். அப்புறம் ஊரே கூடிவிட்டது. ஒருவர் ஏணியில் கால் வைத்தார். ஏணியின் அதிர்வு மேலே வரை வந்தது. இணைப்பு அறுந்துவிடுமோ என்று பதறி, "யாரும் மேல வராதீக!" என்று கத்தினேன். கீழே பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

"டவரு எங்க கெடைக்கும்னு கேட்டப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மூஞ்சியே சரியில்ல. கட்டிக் கொண்டாந்த சோத்தக்கூடப் பிரிக்கல" என்று டீக்கடை அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வழி காட்டியவரே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

"நெட்டுக்கு ஏறுனேன்க்கா!" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"ஏத்தா, அவசரப்பட்டு எறங்கிராத! போலீஸு வரட்டும். அப்டியே எங்க மத்தியான பஸ்ஸையும் சேத்துக் கேளு!" என்றார் ஒரு பெரியவர். "தெரு வெளக்கையும் கேக்கச் சொல்லுங்க" என்றது இன்னொரு குரல்.

போலீஸ் வந்தது. ஏட்டையா கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கேட்டார்: "பையன் யாரும்மா? பேர மட்டும் சொல்லு. எந்த ஊரா இருந்தாலும் இன்னைக்கே கூட்டியாந்து கட்டி வைக்கிறோம்."

"பையன்லாம் யாரும் இல்ல சார். போட்டோ அனுப்புறேன் சார்!"

"போட்டோவ வச்சு எவனும் மிரட்டுறானா?"

சரி, இறங்கித் தொலைப்போம் என்று அப்போதுதான் முதல் முறையாகக் கீழே பார்த்தேன். தலை சுற்றியது. ஏணிப் பக்கம் நகரவே முடியாமல் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. நீலக் கோடு கடைசியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. மாதாமாத வேலை, அப்பாவிடம் நிமிர்ந்து பேசுவது எல்லாம் அதோடு போயிற்று. தேம்பித் தேம்பி அழுதேன். நான் அழுவதைப் பார்த்துக் கீழே பெண்களும் அழுதார்கள்.

அப்பாவுக்குத் தகவல் போனது டீக்கடைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரால். அது எங்கள் பைப் கடைக் காலண்டர். நான் யார் வீட்டுப் பெண் என்று அக்காவிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். காலண்டரில் இருந்த நம்பருக்குக் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து, "ஒங்க மக தொட்டி மேல ஏறி நிக்கிதுய்யா" என்று யாரோ பேசிவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே கடையின் லோடு வண்டியும் வந்தது. அப்பா இறங்கினார். காலில் செருப்பு இல்லை. கடை ஷட்டரை இறக்காமலேயே வந்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தொட்டிக்கு நேர் கீழே, நான் விழுந்தால் பிடித்துவிடுவார் போல இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஆத்தா... அப்பன் கோவத்துல சொல்லிட்டேன்த்தா. நீ எந்த மலைக்கு வேணும்னாலும் போ. போட்டோ புடி. ஒன்னய யாரு என்ன கேக்கப் போறா? எறங்கி மட்டும் வந்துரு தாயி."

அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஊரே பார்க்க அழுதார்.

"நா சாக வரலப்பா! சிக்னலுக்கு ஏறுனேன்!"

"சரித்தா, சரி. சிக்னலுக்குத்தேன் ஏறுன. அப்பன் நம்புறேன். எறங்கு."

காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார். அவர் நம்பவில்லை என்பது அந்த உயரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தீயணைப்பு வீரர் ஒருவர் என் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார். ஏட்டையா வாழ்க்கையைப் பற்றி நீளமாக அறிவுரை சொன்னார். வண்டியில் தேனி வரும்வரை அப்பா என் மணிக்கட்டை விடவில்லை. கண்டமனூர் தாண்டும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "காலைல நா சொன்னதுக்காத்தா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். பிடி இன்னும் இறுகியது.

பெங்களூர்க்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த ஊருக்கு மதிய பஸ் திரும்பவும் விட்டார்கள். (என்னால்தான் வந்தது என்று டீக்கடை அக்கா போன் போட்டு வாழ்த்தினார்.) அதன் பிறகு எனக்கு வேலைகள் வந்தன. தனியாக மூணாறு போனேன், வடக்கே பனிமலை வரைக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "போயிட்டு வாத்தா." அவரிடம் வாதாடி, புரியவைத்து, ஜெயிக்க வேண்டும் என்று எத்தனையோ பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். எதற்கும் அவசியம் வரவில்லை. நான் கேட்ட சுதந்திரம் வேறு, அவர் பயந்துபோய்க் கொடுத்தது வேறு. இதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் இப்போது எந்தக் குழந்தைக்கு ஐஸ் மறுத்தாலும், "தொட்டி ஏறிருவேன்" என்கிறது. கல்யாண வீட்டில் சித்தப்பாவுக்கு இரண்டாவது பாயசம் வரத் தாமதமானாலும் அதே மிரட்டல்தான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பா மட்டும் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். யாராவது வேலை விஷயமாகக் கூப்பிட்டால் மேலே போவேன். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டின் அடியில் செருப்புச் சத்தம் கேட்கும். "என்னப்பா?" என்றால், "சும்மாத்தேன், காத்தோட்டமா இருக்கேன்னு வந்தேன்" என்பார். அந்த இடத்தில் மோட்டார்தான் இருக்கிறது. காற்று வர வழியே இல்லை. நான் கீழே வந்து நின்ற பிறகுதான் பேப்பர் படிக்கப் போவார்.

போன வருடம் கீழ் அறைக்கே கேபிள் இழுத்து இணைய இணைப்பு வாங்கினேன். "மாடியிலதேன் நல்லாக் கெடைக்குதே, இது எதுக்குடி தண்டமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா எதுவும் கேட்கவில்லை. கேபிள்காரர் சுவரில் துளை போட்டு முடிக்கும்வரை கூடவே நின்று, அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.