மேனேஜர் கோபத்துக்கு ஒரு சார்ட்

"சுத்தியல் விழுந்துடுச்சு," என்று குமாஸ்தா கேஷியரின் காதில் கிசுகிசுத்தார். "இனிமே ஏறுமுகம்தான். இப்பவே போய் லீவு கேட்டுடறேன்."

அவர் சொன்னது ஷேர் மார்க்கெட்டைப் பற்றி அல்ல, மேனேஜரின் மனநிலையைப் பற்றி. ஷேர் வகுப்பில் சேர்ந்து கையிருப்பைக் கரைத்த பிறகு குமாஸ்தாவுக்கு மிஞ்சியது விலையின் ஏற்ற இறக்கத்தைப் படமாக வரையும் ஜப்பான்காரர்களின் மெழுகுவர்த்திக் கணக்கு ஒன்றுதான். அதையும் வீணாக்க மனம் வரவில்லை. நாளுக்கொரு மெழுகுவர்த்தி வரைந்தார். மேனேஜர் காலையில் வந்ததைவிடச் சாயங்காலம் தெளிவாகக் கிளம்பினால் பச்சை, கடுகடுப்பாகக் கிளம்பினால் சிவப்பு. நடுவில் எவ்வளவு கத்தினாரோ அவ்வளவு நீளத்துக்குக் கீழே ஒரு வால். சிவப்பாகவே இறங்கிக்கொண்டிருக்கும்போது, குட்டி உடம்பும் நீள வாலுமாகச் சுத்தியல் மாதிரி ஒன்று வந்தால் சரிவு முடிந்தது என்று அர்த்தம்.

நேற்று மதியம் மேனேஜர் ஃபைலைத் தூக்கி எறிந்தார். சாயங்காலம் அவரே பொறுக்கி எடுத்து வைத்தார். அசல் சுத்தியல்.

லீவு தேனிலவுக்கு. கல்யாணமாகி நாலு வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கடலோரத்தில் அறை பதிவு செய்தாகிவிட்டது, மனைவி பெட்டியும் கட்டிவிட்டாள்.

உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"லீவுன்னு வாயைத் திறந்தேன். கதவைக் காட்டிட்டார்."

"ஒரே ஒரு கேண்டிலை நம்பி யாராவது இறங்குவாங்களா?" என்றார் கேஷியர். "அடுத்ததும் பச்சையா வந்தாதான் உறுதி."

நியாயம்தான். குமாஸ்தா சார்ட்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, மறுநாளைக்கு ஏறுமா இறங்குமா என்று அம்புக்குறியும் போட ஆரம்பித்தார். முதல் அம்பு போட்டு நிமிர்ந்தால் பின்னால் மேனேஜர்.

"என்னய்யா இது?"

குமாஸ்தா அவசரமாக எழுந்தார். "நம்ம கம்பெனி ஷேர் சார். சும்மா, ஒரு ஆர்வம்."

"ஆபீஸ்ல வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். தப்பித்தோம் என்று குமாஸ்தா மூச்சு விட்டார்.

ஆனால் அதன்பிறகுதான் சனி பிடித்தது. மேல்நோக்கி அம்பு போட்டால் மறுநாள் மேனேஜர் கத்தினார். சரி, கீழ்நோக்கிப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டார். இன்னும் கத்தினார். சிவப்பு மெழுகுவர்த்திகள் தாளை விட்டே இறங்கிவிட்டன. கீழே இன்னொரு தாளை ஒட்ட வேண்டியதாயிற்று.

வீட்டில் மனைவி கட்டிய பெட்டியிலிருந்தே தினமும் ஒரு புடவையை உருவிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்க மேனேஜர் மூஞ்சியைப் பாத்தா தெரியாததா படத்துல தெரியப்போகுது?"

"உனக்கு டெக்னிகல் தெரியாது."

"பஸ்ஸுக்கு நேரம் தெரியும். நாளைக்கு ராத்திரி கிளம்புது. நீங்க வரலைன்னா நான் மட்டும் தேனிலவுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

குமாஸ்தாவுக்குத் தெரியும், சொன்னால் செய்கிறவள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆபீசுக்கு ஓடினார். சார்ட்டைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவிச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். ஆனது ஆகட்டும் என்று மதியம் கண்ணை மூடிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"லீவா? தாராளமா போய்ட்டு வாங்க. வேணும்னா இன்னும் ரெண்டு நாள் சேர்த்து எடுத்துக்குங்க," என்றார் மேனேஜர். சிரித்தார் வேறு.

குமாஸ்தா தள்ளாடியபடி வெளியே வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த மேனேஜரின் செகரெட்டரியிடம் கேட்டார். "என்ன மேடம் இது? ஒரு சிக்னல்கூட இல்லாம இப்படித் தலைகீழா மாறிட்டாரே?"

அந்த அம்மாள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"பின்னே என்ன சார், தினமும் காலையில உங்க மேஜையில இருக்கற அம்பைப் பாத்துத்தானே நம்ம கம்பெனி ஷேரை வாங்கறதும் விக்கறதுமா நஷ்டப்பட்டுக்கிட்டிருந்தார், இன்னிக்கு அந்தப் படத்தைக் காணோம்னு வாங்காம விக்காம இருந்துட்டார்!"