கொம்பனி மூடி

புது மருமகனிடம் எதைக் கேட்டாலும் "ஓம்" என்றுதான் பதில் வரும். நீந்தத் தெரியுமா, ஓம். மீன் வெட்டத் தெரியுமா, ஓம். தெரியாது என்று சொல்லும் உரிமை அவனுக்குப் பிள்ளை குட்டி பிறந்த பிறகுதான் கிடைக்கும். எனக்கு அது கொஞ்சம் முந்தியே கிடைத்துவிட்டது.

நான் நல்லூரில் ரியூசன் வகுப்புகளில் கணக்கியல் படிப்பிக்கிறவன். பல்ப் மாற்றுவதென்றாலும் ஆள் கூப்பிடுவேன். மனைவியின் வீடு கொழும்புத்துறையில். மாமா வீட்டில் வாய் திறக்காத மனிதர். ஆனால் முன் ஹோலில் மேசை நிறைய இருந்த, தூரதேசத்து ஆட்களோடு கதைக்கக்கூடிய பழைய வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டால், பிரேசிலில் உள்ள யாரோ ஒருவரோடு மழையைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார். சண்டைக் காலத்தில் அதைப் பயந்து பயந்து துண்டு துண்டாகக் கழற்றி ஒளித்து வைத்திருந்தாராம். பிறகு ஒழுங்காக அனுமதி எடுத்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டார். மேல் தகடு மட்டும் தொலைந்துபோனதால் பெட்டியின் குடல் முழுக்க வெளியே தெரியும்.

மாமிக்கு அதுதான் கவலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செபக்கூட்டம் இருந்தது.

"சின்னப் பிள்ளையளும் வருவினம். கரண்ட் ஓடுற இடமெல்லாம் மூடி இருக்கோணும். இல்லாட்டி திங்கக்கிழமை உந்தப் பெட்டி பழைய இரும்புக்காரனோடை போகும்" என்றார். மாமி சொன்னால் சொன்னதுதான். மாமாவின் முகம் வாடிப்போனது. அப்போதுதான் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்; கிட்ட வைத்து ஒரு வேலையும் செய்யக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

"தம்பி, நீர் உந்த மூடியளைச் செய்து போடுவீரோ?" என்று என்னைக் கேட்டார். கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த ஆக நீளமான வசனம் அதுதான்.

"ஓம் மாமா."

"ரண்டாயிரம் வோல்ற் ஓடும். எந்தெந்த இடம் எண்டு தெரியும்தானே?"

"ஓம் மாமா."

அவர் சொன்னபடி பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்க ஒரு நாள் விட்டு, பெட்டியை எட்டிப் பார்த்தேன். தலை சுற்றியது. எது மின்சாரம், எது அலங்காரம் என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. எழுத்துகளைக் கடற்காற்று தின்றுவிட்டிருந்தது. சரி, பார்க்கப் பயமாக இருப்பதை எல்லாம் மூடுவோம் என்று முடிவெடுத்தேன். சிவப்பாக இருந்தால் ஆபத்து. தடித்த கம்பி என்றால் பெரிய ஆபத்து. (அந்தப் பெட்டியில் ஆகத் தடித்தது நிலத்துக்குப் போகும் எர்த் கம்பி. அது எங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறதாம். எனக்கு யார் சொன்னார்கள்?)

நடுவில் போத்தல் மாதிரி ஒரு கண்ணாடி வால்வு நின்றது. அதன் உச்சியில் வடிவான ஒரு உலோகத் தொப்பி, தொப்பியில் ஒரு கம்பி. 'இதுக்குக் கொம்பனிக்காரனே மூடி போட்டு விட்டிருக்கிறான்' என்று மனதுக்குள் மெச்சிவிட்டு அதை விட்டுவிட்டேன்.

மூடி செய்யத் தடித்த பிளாஸ்ரிக் வேண்டும். குசினி அலுமாரியின் மேல்தட்டில் கிடைத்தது. மனைவியின் சித்தி கனடாவில் இருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி. ஒருவரும் பாவிப்பதாகத் தெரியவில்லை. (பாவிக்காமல் வைத்திருப்பதுதான் மாமி அவற்றுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எனக்குத் தெரியாது.) வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டினேன்.

"எல்லாம் மூடியாச்சோ?" என்று மாமா கேட்டார்.

"ஓம் மாமா."

ஞாயிறு பின்னேரம் ஆட்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள்; போதகரும் வந்தார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டதால் மாமா பெட்டியின் சுவிச்சைப் போட்டார். வால்வுக்குள் செந்நிறம் ஏறியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி வாசலில் நின்றார்கள்.

"இதிலை ஆபத்தான இடம் எது தம்பி?" என்று போதகர் என்னைக் கேட்டார்.

ஹோலில் இருந்த எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வகுப்பெடுக்கும் மிதப்பு வந்துவிட்டது. "இப்ப ஒண்டுமில்லை ஐயா. எல்லாத்துக்கும் மூடி போட்டாச்சு. இதுக்குக் கொம்பனி மூடியே இருக்கு. எவ்வளவு இறுக்கம் எண்டு பாருங்கோ" என்று, வால்வின் தொப்பியை ஆட்டிக்காட்டக் கையை நீட்டினேன்.

"தொடாதையடா!"

'நீர்' என்று கதைத்த மனிதர் 'அடா'வுக்கு இறங்கிவிட்டாரே என்று நான் யோசித்து முடிவதற்குள், சேட்டுக் கொலரில் பிடித்து ஒரே இழுவை. நேரே போய், ரோல்ஸும் கேக்கும் பரப்பியிருந்த மேசையில் இருந்தேன். மாமி ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தினார். காற்றாடிகள் நின்றன. போதகர் கண்ணை மூடிக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். அதில் என் பெயர் அடிக்கடி வந்தது.

எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. "அது மூடிதானே மாமா?" என்று கேக்கில் இருந்தபடியே கேட்டேன்.

"உதிலைதான் அந்த ரண்டாயிரம் வோல்ற்றும் நிக்கிறது." மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "எர்த்தை மூடியிருக்கிறீர். ஹெட்போன் ஓட்டையை மூடியிருக்கிறீர். சும்மா கிடந்த ஆணியையும் விடேல்லை." ('நீர்' திரும்பி வந்ததில் எனக்குச் சின்ன ஆறுதல்.)

மாமியும் கிட்ட வந்து குனிந்தார். ஆணியின் மேலிருந்த மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"உது என்ரை கனடாப் பெட்டியெல்லே?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். விடிந்தால் இரும்புக்காரன் வருவான். அவ்வளவு காலம் ஒளித்துக் காப்பாற்றிய பெட்டி என்னால் போகப்போகிறது. வெட்கத்தைவிட எனக்குத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. மாமி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நசுங்கிய கேக்கைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் உந்தப் பெட்டி ஒருத்தரையும் ஒண்டும் செய்யேல்லை. மருமகன் கிட்டப் போனாப் பிறகுதான் இவ்வளவும். பெட்டி இருக்கட்டும். அவரைத் தள்ளி நிப்பாட்டுங்கோ."

கண் சுகமானதும் மாமா முதல் வேலையாக வால்வின் தொப்பிக்கு நல்ல மூடி செய்து, முழுப் பெட்டிக்கும் கம்பிவலைக் கூடு அடித்தார். ஆனால் வருசங்கள் போயும் மாமியின் சட்டம் இன்னும் நீங்கவில்லை. பிறகு பிறந்த என் மகள் மாமாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கலாம். பெட்டி போட்டிருக்கும்வரை நான் முற்றத்தில்தான் நிற்க வேண்டும்.

மாமா இந்தக் கதையைப் பிரேசில்காரருக்கும் சொல்லிவிட்டார். இப்போது அந்த மனிதர் மழையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், இரைச்சலுக்கு நடுவே இங்கிலீசில் ஒன்று கேட்பார்: மருமகன் வெளியிலை நிக்கிறாரோ? மாமா யன்னலால் எட்டிப் பார்ப்பார். நான் முருங்கைக்குக் கீழே நின்று கையைத் தூக்கிக் காட்டுவேன். அதன் பிறகுதான் மறுமொழி போகும்.