ஆழம் பார்க்கப் போனேன்

கடலுக்கு அடியில் வேலைக்குப் போய்விடுவது என்று நான் முடிவு செய்தேன். விளையாட்டாக எடுத்த முடிவல்ல. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் நான் வெல்டர். கப்பலின் வயிற்றுக்குக் கீழேயும், நடுக்கடலில் நிற்கும் எண்ணெய்த் தளங்களின் கால்களிலும் வெல்டிங் செய்யத் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. அதற்கு முதலில் முக்குளிப்புப் பள்ளியில் அறிமுகப் பயிற்சி முடிக்க வேண்டும். வயது வரம்பு எனக்கு இந்த வருடத்தோடு சரி. இப்போது விட்டால் பிறகு கிடையாது.

யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். உங்களிடம் மட்டும் மிச்சத்தையும் சொல்கிறேன். என் மனைவியின் குரல் எட்டாத இடம் பூமியில் இல்லை. மொட்டைமாடியில் எட்டும். தெருமுனையில் எட்டும். செல்போன் வந்த பிறகு பட்டறையிலும் எட்டுகிறது. பூமியில் முக்கால் பங்கு தண்ணீர் என்று படித்திருக்கிறேன். அந்த முக்காலில் எனக்கென்று ஓர் ஓரம் கிடைக்காமலா போய்விடும்?

கூட வேலை செய்யும் கிரேன்காரனிடம் மட்டும் விஷயத்தை உடைத்தேன். "வீட்ல மூச்சு விட்டுடாதே" என்றான். வீட்டில் மூச்சு விடாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. தண்ணீருக்குள்தான் வரவில்லை. குளியலறை ட்ரம்மை நிரப்பி, தலையை உள்ளே விட்டுப் பழகினேன். வெளியே வரும்போது கண் ரத்தமாகச் சிவந்திருக்கும். நான் தனியாக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் என்னை ஒரு வேலையும் ஏவவில்லை. பயிற்சிக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்தது காது. ஆழத்தில் முதலில் மக்கர் பண்ணுவது காதுதான் என்றார்கள். டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டேன். அதில்தான் வீட்டில் மாட்டிக்கொண்டேன்.

"ஏங்க" என்றாள் சமையலறையிலிருந்து.

"என்ன?" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகலியே. ஏன் கேக்கறே?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நாலு தரம் கூப்பிட்டாத்தான் திரும்புவீங்க. இப்ப கொஞ்ச நாளா முதல் தரமே திரும்பறீங்க. காதைச் சரி பண்ணியிருக்கீங்க. எனக்காகப் பண்ணியிருக்க மாட்டீங்க. வேற யாருக்காக?"

கடல் என்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான பதில். சொல்லிவிட்டேன்.

"கடல்னா? கரையிலயா?"

"அடியில."

"எத்தனை அடியில?"

"ஆரம்பத்துல கொஞ்சம் அடிதான். போகப் போகக் கூடும். பயப்படாதே, இடுப்புல கனமா ஈயம் கட்டித்தான் இறக்குவாங்க."

"ஈயத்தைக் கட்டித் தண்ணியில தள்றதுக்குப் பேரு பயிற்சியா?"

"மேல ஒரு ஆள் கயிறைப் பிடிச்சுக்கிட்டே இருப்பார்."

"அந்த ஆளுக்கு உங்களைத் தெரியுமா?"

 அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மேல வரலேன்னா?" என்றாள். அவள் குரல் இவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.  ஆனாலும் வீறாப்பு விடவில்லை.

"எனக்குப் பயமே கிடையாது."

"துளிகூட?"

"துளிகூட."

"அப்ப சரி" என்றாள். அவள் "அப்ப சரி" என்றால் எதுவும் சரியில்லை என்று அர்த்தம்.

சேர்வதற்கு முன்னால் எல்லோருக்கும் ஹெல்மெட் மாட்டி, பள்ளியின் ஆழமான தொட்டியில் ஒரு தடவை இறக்கிப் பார்ப்பார்கள். அவளும் கிளம்பினாள். வேண்டாம் என்றேன். "கயிறு பிடிக்கிறவர் முகத்தைப் பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றாள். இதை எந்தக் கணவன் மறுக்க முடியும்?

பயிற்சியாளர் கழுத்தே இல்லாத மனிதர். வந்ததும், "தண்ணிக்குள்ள மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார். ட்ரம்மில் நான் பட்ட பாடு மொத்தமும் வீண். பிறகு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே காதுப் பக்கம் கறுப்பாக ஏதோ இருந்தது.

"இது என்ன சார்?"

"டெலிபோன். மேல இருக்கிறவர் பேசறது உங்க காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்."

"அணைச்சு வைக்கலாமா?"

"முடியாது."

என் முக்கால் பங்குக் கடலும் அந்த நிமிடமே வற்றிவிட்டது.

"நீங்க பேசறது இங்க ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேக்கும்" என்று அவர் தொடர்ந்தார். "மேலேர்ந்து என்ன சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லணும். காதுல சரியா விழுந்துச்சான்னு எங்களுக்கு வேற எப்படித் தெரியும்? சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. திருப்பிச் சொல்லாதவரை அப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

பின்னால் நின்ற என் மனைவி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "யார் சொன்னாலுமா சார்?"

"மைக்ல யார் பேசினாலும்தாம்மா."

இறக்கினார்கள். உள்ளே ஒரே பச்சை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு யாரோ அந்நியன் மூச்சு மாதிரி இரைந்தது.

"ஏணியை விடுங்க" என்றார் பயிற்சியாளர்.

"ஏணியை விடுங்க" என்று திருப்பிச் சொன்னேன். விடவில்லை.

"காத்து மிஷினைப் பாத்துட்டு வர்றேன். வீட்ல ஒரு வார்த்தை பேசணுமாம்."

அதையும் திருப்பிச் சொன்னேன். மைக் கை மாறியது. காதோடு காதாக அவள் குரல் வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு."

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் சட்டம் சட்டம். "எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"சாப்பாடு இறங்கலே."

"சாப்பாடு இறங்கலே."

"வெளிய சொல்ல வெக்கமா இருக்கு."

"வெளிய சொல்ல வெக்கமா இருக்கு."

"தயவுசெஞ்சு மேல தூக்கிடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பிச் சொல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். சொன்னால் தூக்குவார்கள். சொன்னேன்.

தூக்கினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பயிற்சியாளர் என் தோளைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு மனசு விட்டு யாரும் இங்க பேசினதில்லை சார்."

"அது நான் சொல்லலே. அவ சொன்னது."

"குரல் உங்களுதுதானே?"

வரிசையில் நின்ற ஒரு தடியன் மெல்லக் கையைத் தூக்கி, "எனக்கும் அப்படித்தான் சார் இருக்கு" என்றான்.

என்னை மேலே நின்று கயிறு பிடிக்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் மரியாதையான வேலைதான் என்று எல்லோரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அவளுக்கும் சரி, எனக்கும் சரி. அவள் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். 

"இப்ப திருப்திதானே?" என்றேன்.

"திருப்தி" என்றாள்.

"திருப்தி" என்று திருப்பிச் சொன்னேன்.