எட்டுக் கோள் சொன்ன ரேடியோ

நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் நாயகியே, சன்னலோர இரண்டாம் பெஞ்சின் காவலாளியே, பல் தேய்க்கும்போதும் பேச்சை நிறுத்தாமல் பாதி நுரையைச் சட்டையில் சிந்தும் சொற்கடலே, வீட்டாராலும் வகுப்பாராலும் ஒருமனதாக ‘ரேடியோ’ என்று பெயர் சூட்டப்பெற்ற ஒன்பது வயதுப் பேராற்றலே, உன் புகழ் பாடத் துணிந்தோம். எங்கள் தொண்டை கட்டாமலிருக்கக் கொஞ்சம் வெந்நீரும், இடைமறிக்காமல் கேட்க உனக்குக் கொஞ்சம் பொறுமையும் வாய்க்கட்டும்.

அந்நாளில் அவ்வகுப்பை ஆண்டவள் லீடர். மிஸ் இல்லாத நேரத்தில் வாய் திறப்பவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் உரிமை அவளுக்கு இருந்தது. விரலளவுச் சாக்பீஸே அவள் செங்கோல். ‘பேசியவர்கள்’ என்ற தலைப்பே அவள் சட்டநூல். வடக்கே நூலக வாசலும் தெற்கே குடிநீர்க் குழாயும் அவள் ஆட்சியின் எல்லைகள். வலப்புறம் ஒருத்தியும் இடப்புறம் ஒருத்தியுமாக இரண்டு தளபதிகள் அவளுடன் நடந்தார்கள். அவள் தும்மினாலும் சிரிப்பது அவர்கள் பணி.

இத்தனை பெரிய படை திரண்டு வந்து முற்றுகையிட்டது எந்தக் கோட்டையை? ஒரு மூக்குக் கண்ணாடியை. ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காரும் தோழியின் கண்ணாடி அது. லீடர் அந்தத் தோழிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள்; அதை இங்கே எழுதி அதன் ஆயுளை நீட்டிக்க நமக்கு மனமில்லை. இடைவேளை மணி போர்முரசாக ஒலித்ததும் மூவரும் அவளைச் சூழ்வார்கள். கண்ணாடி மூக்கை விட்டுக் கிளம்பும், மூன்று கைகள் மாறும், ஒருநாள் டஸ்டர் டப்பாவிலும் ஒருநாள் சன்னலுக்கு வெளியே பூந்தொட்டியிலும் போய் மறையும். தோழி, மூடுபனியில் கரை தேடும் கப்பலைப்போலப் பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு போவாள். வகுப்பில் பாதி சிரிக்கும். மீதி, தன் கண்ணாடி இல்லை என்ற நிம்மதியில் புத்தகம் பார்க்கும். அடுத்த பாடவேளையில், பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதவில்லை என்று தோழிக்கே திட்டும் விழும்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன ரேடியோவின் கண்கள். சொல்லத் துடித்தது அவள் வாய். ஆனால் லீடர் முதல் நாளே ஓர் அம்பை எய்திருந்தாள்.

“மிஸ்கிட்ட போய்க் கோள் சொன்னேன்னு வெச்சுக்கோ, இந்த கிளாஸ்ல ஒருத்தர்கூட உன்கிட்ட பேச மாட்டாங்க.”

வேறொருத்தி என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பாள். பத்து நிமிடம் பேசாவிட்டால் காய்ச்சல் வரும் நம் நாயகிக்கோ, அந்த அம்பு நேராக நெஞ்சில் தைத்தது. இரண்டு வாரம் ரேடியோ அந்த ஒரு செய்தியை மட்டும் ஒலிபரப்பவில்லை.

வியாழக்கிழமை, இடைவேளை முடியும் நேரத்தில், பூந்தொட்டி மண்ணைக் கண்ணாடியிலிருந்து பாவாடை ஓரத்தால் துடைத்தபடி தோழி சொன்னாள்.

“திங்கக்கிழமைல இருந்து நான் வரல. வேற ஸ்கூல்ல சேத்துவிடச் சொல்லி அப்பாகிட்ட கேக்கப்போறேன்.”

மண்ணும் விண்ணும் ஒருமுறை குலுங்கி நின்றன. ஏனெனில் ரேடியோவின் பேச்சைத் தொடக்கம் முதல் முடிவுவரை, கொட்டாவி விடாமல், நடுவில் ‘அப்புறம்?’ என்றும் கேட்டு, கேட்கும் உயிர் இவ்வுலகில் அது ஒன்றுதான்.

அன்று மாலை வீட்டில் அமைதி ஒரு பெரும்படையாக வந்து இறங்கியது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா, ரேடியோவில் கரகரப்புகூடக் கேட்கவில்லையே, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டுப் பார்த்தார். மருத்துவமனைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் போய் நின்று, நாயகி இரண்டு வாரமாக அடைத்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

“அம்மா, கோள் சொல்றது தப்பா?”

“இதுல என்னடி தப்பு? நாளைக்கு எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு. மொத்தம் எட்டு இருக்கு, ஒண்ணையும் விட்றாத. யாராவது சிரிச்சாலும் நடுவுல நிறுத்தாத.”

அம்மா அன்று காலைதான் பள்ளி டைரியைப் பார்த்திருந்தார். ‘வெள்ளிக்கிழமை அறிவியல் வாய்மொழித் தேர்வு: சூரியனைச் சுற்றும் கோள்கள்’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. டைரியையும் அறிவியல் புத்தகத்தையும் திறந்தே பார்க்காத மகளுக்கோ, அந்த இஸ்திரி மேசையே அரியணையாகவும் அம்மாவின் வாக்கு அரசாணையாகவும் தோன்றியது. எட்டு என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்பது மட்டும்தான் புரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் விரல்விட்டு எண்ணினாள். போன வாரம் மூன்று, இந்த வாரம் நான்கு, ஆக ஏழு. எட்டாவதைக் காணோம். தையல் கடையைத் தாண்டினாள், சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டினாள், பள்ளி கேட்டுக்குப் பத்தடி முன்னால் எட்டாவதும் கிடைத்தது. கிடைத்ததும் நடையின் வேகம் குறைந்தது.

மூன்றாம் பாடவேளை. அறிவியல் மிஸ் களம் புகுந்தார். யார் முதலில் கோள் சொல்லப்போகிறீர்கள் என்று அவர் கேட்டதும், முப்பத்தெட்டுத் தலைகள் அகழியில் பதுங்கும் வீரர்களைப்போல மேசைக்குக் கீழே எதையோ தேடப் போயின. லீடரின் கை மட்டும் தன்னம்பிக்கையோடு உயரத் தொடங்கியது. அவள் பாடத்தை நன்றாகப் படித்திருந்தாள். அந்தக் கை தோளைத் தாண்டுமுன், இரண்டாம் பெஞ்சில் ஓர் எரிமலை எழுந்து நின்றது.

“நான் சொல்றேன் மிஸ். எட்டும்.”

மிஸ் புதனை எதிர்பார்த்தார், வந்ததோ திங்கட்கிழமை. திங்கட்கிழமை இடைவேளையில் கண்ணாடி டஸ்டர் டப்பாவுக்குப் போன கதை. அடுத்துச் செவ்வாய் என்றாள். செவ்வாய் நாலாவது அல்லவா என்று திருத்த வாயெடுத்தவர், அது கண்ணாடியைக் குழாயடியில் வீசிப் பிடித்த செவ்வாய்க்கிழமை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். புதனும் வியாழனும் அப்படியே வந்தன. பிறகு போன வாரம் வந்தது. அணை உடைந்த வெள்ளமாக, இரண்டு வாரத்து ஒலிபரப்பும் ஒரே மூச்சில் பொங்கி வந்தது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்; ரேடியோ நிறுத்தவில்லை. தோழி தலை நிமிரவில்லை. லீடரின் கை பாதி உயர்ந்த நிலையிலேயே, இறக்க மறந்த கொடிபோல நின்றது. ஏழு முடிந்ததும் நாயகியின் குரல் முதன்முறையாகத் தேய்ந்தது.

“எட்டாவது என் மேல மிஸ். ஏழையும் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு, நான் வாயத் திறக்கல.”

வலப்புறத் தளபதி மெல்ல ‘கோள்மூட்டி’ என்றாள். மிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“ஒருத்தர மாட்டிவிடறதுக்காகச் சொன்னாத்தான் கோள். மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறதுக்காகச் சொன்னா அது கோள் இல்ல.”

அதன்பின் நிகழ்ந்த போரில் இடி இல்லை, மின்னல் இல்லை. மிஸ் யாரையும் முட்டி போட வைக்கவில்லை. வகுப்பைப் படம் வரையச் சொல்லிவிட்டு, முதலில் தோழியைத் தனியே அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம், இடைவேளையில் யாராவது கூட இருந்தால் போதும் என்றாள் அவள். பிறகு லீடரை அழைத்தார். விளையாட்டுக்குத்தான் செய்தோம் என்றாள் லீடர். அந்த விளையாட்டில் தோழி ஒருதடவையாவது சிரித்தாளா என்று மிஸ் கேட்டபோது, நெடுநேரம் யோசித்து, இல்லை என்றாள்; யோசித்ததில் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. பேரரசிக்கும் வயது ஒன்பதுதானே. சாக்பீஸ் மேசை டிராயருக்குள் போனது. பலகையிலிருந்து ‘பேசியவர்கள்’ அழிந்தது. மறு இடைவேளையிலிருந்து குடிநீர்க் குழாயடியில் மிஸ்ஸே தம் டீ கப்போடு காவல் நின்றார். பார்த்து எழுதவில்லை என்று தாம் திட்டியதற்காகத் தோழியிடம் வருத்தமும் சொன்னார்.

மாலையில் லீடர், தோழி, ரேடியோ ஆகிய மூவர் வீட்டுக்கும் போன் பறந்தது. தம் அறிவுரை செய்த வேலையைக் கேட்ட ரேடியோவின் அம்மா, போனைக் காதில் வைத்தபடி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். உங்கள் மகளுக்குத் தேர்வில் எட்டுக்குப் பூஜ்யம் என்பதையும் மிஸ் மறக்காமல் தெரிவித்தார்.

ஆனால் தோழி வருவாளா? அதை யாரும் சொல்லவில்லை. சனி ஒரு யுகமாக நகர்ந்தது, ஞாயிறு இரண்டு யுகமாக நகர்ந்தது. திங்கட்கிழமை, காவலர் கேட்டைத் திறக்குமுன்பே வந்து, ஆளில்லா வகுப்பில், கோட்டைக் கொத்தளத்தில் நின்று குதிரைப் புழுதியைத் தேடும் தளபதியைப்போல வாசலையே நோக்கி, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நெஞ்சம் எழுந்து விழ, சொல்ல வேண்டிய நூறு செய்திகளும் நாவின் நுனியில் வரிசையில் நிற்க, இரண்டாம் பெஞ்சின் நட்டநடுவில் இருகை ஊன்றி வீற்றிருந்தாள் நம் வீராங்கனை.

எட்டே முக்காலுக்குத் தோழி வந்து, தள்ளி உட்காரச் சொன்னாள்.